கயிறு என் கையில்தான் இருந்தது

மார்ச் 4
பாறையடி விடுதி

சின்னவளே,

நீ போனை எடுக்கமாட்டே. சரி, எடுக்க வேண்டாம். லெட்டர்னா பிரிச்சுத்தானே ஆகணும்? கோர்ட்டுல டைப் அடிக்கிறவளால வந்த தபாலைப் பிரிக்காம வெச்சிருக்க முடியாதுன்னு உங்க அண்ணன் அடிச்சுச் சொல்றாரு.

ஏர்போர்ட்டுக்கு வந்தப்புறம் சொன்னது எங்க தப்புதான். முன்னாடியே சொல்லியிருந்தா நீ வாசல்ல குறுக்கே படுத்திருப்பே. "அம்பத்திரண்டு வயசுல பாறை ஏறணுமாம், அதுக்கு வெளிநாடு போகணுமாம், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒருத்தியாம்"னு கேட்டியே, அது நியாயமான கேள்விதான். ஆனா "எல்லாம் உங்க வேலை அண்ணி, அவரைக் கெடுக்கறதே நீங்கதான்"னு சொல்லிட்டுப் போனைப் பட்டுனு வெச்சே பாரு, அது கொஞ்சம் அதிகம்.

உண்மையில என் வேலைதான். எங்க லேப்புக்கு அடுத்த தெருவுல பாறை ஏறிப் பழகற கூடம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க போய்ச் சுவர் ஏறிட்டிருந்தேன். உனக்குத் தெரியாது, அவருக்கும் ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்சப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "நீ போற இடத்துக்கு நானும் வருவேன்." ஆசையில சொன்னாரா வீம்புல சொன்னாரான்னு நான் கிளறலை.

ஏழு பேர் வந்திருக்கோம். ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருத்தர் இருக்காரு, உங்க அண்ணனுக்கு நல்ல ஜோடி. ரெண்டு பேரும் சேர்ந்தா உலகத்துல யாருக்குமே வேலை தெரியாது. எங்களுக்கு வழிகாட்டி ஒரு சின்னப் பொண்ணு, முப்பது கூட இருக்காது. உங்க அண்ணன் அவளை "வாத்தியாரம்மா"ன்னு கிண்டல் பண்றாரு. விடுதி முழுக்க ஈர ஷூ நாத்தம். மாடிக் கட்டில்ல நான், கீழ்க் கட்டில்ல அவரு. அவர் குறட்டையால மூணு நாளா யாருக்கும் தூக்கம் இல்லை.

இங்க ஒரு சட்டம் உண்டு. ஏறறவங்க இடுப்புப் பட்டையில கயித்தை முடிச்சுப் போட்டுக்கணும். கீழ நிக்கறவங்க உச்சி வளையத்தைச் சுத்தி வர்ற மறுபக்கக் கயித்தைப் பிடிச்சுக்கணும். கால் எடுத்து வெக்கறதுக்கு முன்னாடி அந்த முடிச்சைக் கீழ நிக்கறவங்க கண்ணால பார்த்து, கையால தொட்டு, "பார்த்தாச்சு"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். எனக்கு இது பழகினதுதான். லேப்புல ஒரு ரத்த டியூப்ல பேர் ஒட்டினாலே ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். உங்க அண்ணனுக்குத்தான் சிரிப்பு. "முப்பத்துமூணு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணக் குழியில கயித்தை நம்பித் தொங்கினவன் நான், என்கிட்டயா?"ன்னு பஸ் டிரைவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரு.

நேத்து நான் உச்சி வரைக்கும் போயிட்டேன் சின்னவளே! அவரு பாதியில நின்னுட்டாரு. ராத்திரி சாப்பிடாமலே படுத்துட்டாரு. காலையில சரியாயிட்டாரு.

நாங்க பதினஞ்சாம் தேதி வந்துடுவோம். அதுக்குள்ள கோவத்தை எல்லாம் தீர்த்துக்க. வந்து உன்கிட்டத் திட்டு வாங்க எனக்குத் தெம்பு இருக்காது.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

உங்க லெட்டர் முந்தாநாள் சாயங்காலம் வந்தது. அன்னைக்குக் காலையிலதான் அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து பேசியிருந்தாரு. தெரியாத நம்பரா இருந்ததால எடுத்தேன். விழுந்து ஆறு நாள் ஆயிடுச்சாம். குதிகால் நொறுங்கிடுச்சாம், முதுகெலும்புல விரிசலாம். "அழாதே சின்னவளே"ன்னு அவரு எனக்கு ஆறுதல் சொல்றாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நீங்க உச்சிக்குப் போன கதையும் குறட்டைக் கதையும் வந்து கிடக்குது. படிச்சுட்டு அந்தக் காகிதத்தை எங்க வெக்கறதுன்னு தெரியாம ஃப்ரிட்ஜ் மேல போட்டேன்.

நீங்க அனுப்பின மெசேஜ் எதையும் நான் திறந்து பார்க்கலை. அது என் தப்பு, ஒத்துக்கறேன். இனிமேலும் போன் பண்ணாதீங்க. நான் கேக்கறதுக்கு எழுத்துல பதில் வேணும். இருபது வருஷமா சாட்சிக் கூண்டுல நிக்கறவங்க சொல்றதை டைப் அடிக்கிறேன். வாயால சொன்னதை மறுநாள் எப்படி மாத்துவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

அண்ணன் ஏறும்போது கீழ கயித்தைப் பிடிச்சிருந்தது யாரு? நீங்கதானே? அவரு விழும்போது நீங்க எங்க பார்த்துட்டிருந்தீங்க? விழுந்தவர் உங்க கட்டின புருஷன்ங்கறது ஞாபகம் இருந்துச்சா?

நான் அண்ணனைத் துருவித் துருவிக் கேட்டேன். "விடும்மா, அவ கவனம் வேற எங்கேயோ இருந்துச்சு, கயிறு கையை விட்டுப் போயிடுச்சு, என் நேரம்"னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. உங்களைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு வயிறு எரியுது.

எங்க அப்பா போனப்போ எனக்குப் பதினோரு வயசு. அண்ணனுக்குப் பத்தொன்பது. காலேஜை விட்டுட்டு லிஃப்ட் குழியில இறங்கினாரு. உடம்பெல்லாம் கிரீஸோட வந்து என்னை டைப் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அந்த மனுஷனை ஒரு கயித்துல கட்டி உங்க கையில குடுத்தா, உங்களால ஒரு பத்து நிமிஷம் பிடிச்சிருக்க முடியலையா?

பதில் எழுதுங்க.


மார்ச் 25
ஆஸ்பத்திரிக்கு எதிர் வீட்டு அறை

சின்னவளே,

ரெண்டாவது ஆபரேஷன் நேத்து முடிஞ்சுது. குதிகால்ல தகடு வெச்சிருக்காங்க. முதுகுக்குப் பட்டை போட்டிருக்காங்க. ஆறு வாரம் படுக்கை. நடப்பாரு, ஆனா பழைய மாதிரி நடக்கமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லிஃப்ட் குழி ஏணியில இனிமே கால் வெக்க முடியாது. இதை இன்னும் அவர்கிட்டச் சொல்லலை. டாக்டரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கறோம்.

உன் கேள்விக்கு வர்றேன். ஆமா, கீழ நின்னது நான்தான். கயித்தைப் பிடிச்சிருந்ததும் நான்தான்.

ஆனா மிச்சத்தை நீ இன்னொரு தடவை உங்க அண்ணன்கிட்டக் கேளு. "அண்ணா, என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு"ன்னு கேளு. நான் எழுதினா என்னைக் காப்பாத்திக்க எழுதின மாதிரி இருக்கும். அவர் வாயால வரட்டும். அவர் சொல்லுவாருன்னு நான் நம்பறேன். மருந்து மயக்கத்துல ஏதோ உளறியிருப்பாருன்னு நெனச்சுக்கறேன்.

"பத்து நிமிஷம் பிடிக்க முடியலையா"ன்னு கேட்டுட்டியே. இந்த ஒண்ணைக் கேக்காம இருந்திருக்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். இந்தத் தடவை மருந்து மயக்கம் இல்லை, தெளிவாத்தான் பேசினாரு. "அவதான் விட்டா சின்னவளே. ஆனா நீ அவளை ஒண்ணும் கேக்காதே, அவளும் பாவம்"னாரு. அழுதாரு அண்ணி. என் அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை.

இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்? செஞ்சவங்க நீங்க, பழியை மறைக்கப் பார்க்கறவரு அவரு, "அவர் வாயால வரட்டும்"னு சவால் வேற. வந்துடுச்சு, போதுமா?

நான் ஒளிக்க விரும்பலை. நம்ம சொந்தத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். அவர் கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேர் விசாரிக்க வந்தாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். ஒருத்தர் தலையில கை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. "லிஃப்ட்ல ஒரு நாள் ஒரு கீறல் பட்டதில்லையே, பெண்டாட்டி கையிலயா"ன்னு கேட்டாரு.

அண்ணன் திரும்பி வந்தா நேரா என் வீட்டுக்கு வரட்டும். கீழ் அறையைக் காலி பண்ணிட்டேன். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி போடச் சொல்லியிருக்கேன். நான் பார்த்துக்கறேன். நீங்க உங்க வழியைப் பாருங்க. உங்களுக்குத்தான் லேப் இருக்கு, சுவர் இருக்கு, உச்சி இருக்கு.


ஏப்ரல் 15

சின்னவளே,

உன் லெட்டரை ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து படிச்சேன். காபி ஆறிப் போச்சு. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை நீ நாலு வரியில முடிச்சுட்டே. அதனால இப்ப எழுதறேன். நிதானமாப் படி.

மார்ச் ஆறாம் தேதி, காலை பத்தரை மணி. மூணு நாளைக்கு முன்னாடி பாதியில நின்ன அதே பாறைதான் வேணும்னு உங்க அண்ணன் பிடிவாதம் பிடிச்சாரு. வழிகாட்டி சரின்னா. அவ பக்கத்துக் கயித்துல இன்னொருத்தரைக் கவனிச்சுக்கிட்டிருந்தா.

அந்த முடிச்சைப் பத்தி உனக்குச் சொல்லணும். முதல்ல கயித்துல ஒரு முடிச்சு. அப்புறம் நுனியைப் பட்டை வளையத்துல நுழைச்சு, வந்த வழியிலயே இன்னொரு தடவை கோத்து இழுக்கணும். ரெண்டாவது தடவை கோக்காம விட்டாலும் தள்ளி நின்னு பார்த்தா முடிச்சு மாதிரியேதான் இருக்கும். சும்மா ஏறும்போது தாங்கற மாதிரி இருக்கும். உடம்பு பாரத்தை அதுல போட்டா உருவிக்கும்.

உங்க அண்ணன் வளையத்துல கயித்தை நுழைச்சாரு. அப்போ பஸ் டிரைவர் ஏதோ சொன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஷூ கயிறு அவிழ்ந்திருந்துச்சு, குனிஞ்சு அதைக் கட்டினாரு. நிமிர்ந்து "ஆச்சு"ன்னாரு. நான் முடிச்சைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"என்னடி, என்னையே சோதிக்கிறியா?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. அன்னைக்கு நான் உச்சிக்குப் போனது வேற அவர் மனசுல குத்திட்டிருந்துச்சு. நான் கையை எடுத்துட்டேன். "பார்த்தாச்சு"ன்னு வாயால சொன்னேன்.

ரெண்டு மாடி உயரம் ஏறினாரு. இந்தத் தடவை உச்சியைத் தொட்டாரு. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாரு. "இறக்கு"ன்னு கத்திட்டுப் பின்னால சாய்ஞ்சாரு.

கயிறு என் கையில்தான் இருந்தது சின்னவளே. கடைசி வரைக்கும் இருந்துச்சு. அவர் தரையில கிடந்தப்புறம்கூட நான் அதைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். வழிகாட்டிதான் வந்து என் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சா.

என் மேல தப்பு இல்லைன்னு சொல்லவரலை. லேப்புல முகம் தெரியாத மனுஷனோட ரத்த டியூபைக்கூட ரெண்டு தடவை சரிபார்க்காம நான் விட்டதில்லை. கட்டினவர் உசிரை ஒரு தடவைகூடப் பார்க்காம மேல அனுப்பிட்டேன். ஏன்னு யோசிச்சுப் பார்த்தேன். கல்யாணமான மூணாம் நாள் அவர் சமையலறை ஸ்விட்சை மாட்டிட்டுப் போனாரு. சரியா மாட்டியிருக்கான்னு நான் ஆட்டிப் பார்த்தேன். நீ என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணி, அண்ணன் செஞ்ச வேலையைத் திரும்பிப் பார்க்காதீங்க, அவருக்குப் பிடிக்காது, எங்க வீட்டுல யாரும் பார்க்கமாட்டோம்"னு சொன்னே. நல்லதுக்குத்தான் சொன்னே. நானும் நல்ல மருமகளா அன்னையில இருந்து பார்க்கறதை விட்டுட்டேன்.

இந்தக் கவர்ல ஒரு நகலும் வெச்சிருக்கேன். விபத்து நடந்த நாலாம் நாள் வழிகாட்டி வந்து அறிக்கை எழுதினா. அழுதுக்கிட்டே எழுதினா, அவ வேலை போயிடும்னு பயம். உங்க அண்ணன் அவளைப் பார்த்து மனசு இளகி உள்ளதைச் சொன்னாரு. முடிச்சை முழுசாப் போடலைன்னும், சரிபார்க்க வந்த பெண்டாட்டியைத் தடுத்தது தான்தான்னும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். வேத்து மனுஷிகிட்ட அவரால உண்மையைச் சொல்ல முடிஞ்சுது. உன்கிட்ட முடியலை.

அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

நகலை மூணு தடவை படிச்சேன். அண்ணன் கையெழுத்துதான். என் ஸ்கூல் ரிப்போர்ட்ல எல்லாம் போட்டவராச்சே.

ரெண்டு நாள் நான் ஆபீஸ் போகலை. உங்களைப் பேசினதெல்லாம் நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. என்னை மன்னிச்சுடுங்க. காலைத் தொட்டுக் கேக்கச் சொன்னாலும் கேக்கறேன். ஸ்விட்ச் விஷயமும் எனக்கு ஞாபகம் இருக்கு. மறந்திருக்கக் கூடாதான்னு பார்த்தேன், இருக்கு.

இப்ப நான் கேக்கப் போறதைக் கோவப்படாமக் கேளுங்க.

இது இப்படியே இருக்கட்டும் அண்ணி. அண்ணனுக்குக் கால் போச்சு, வேலை போச்சு. இனிமே ஒரு நாற்காலியில உக்காந்து வர்றவங்க போறவங்களைப் பார்க்கறதுதான். அவர் கையில மிச்சம் இருக்கறது அந்தப் பேர் ஒண்ணுதான். "அவன் கை பட்டா தப்பாது"ங்கற பேர். கூட வேலை பார்த்தவங்க அவரைப் பார்க்க வருவாங்க. சொந்தக்காரங்க வருவாங்க. கயித்தைத் தானே கட்டிக்கத் தெரியாம விழுந்தான்னு ஒருத்தர் சிரிச்சா அவர் உசிரோட இருக்கமாட்டாரு. எனக்குத் தெரியும் அவரை.

நீங்க விட்டதாவே இருக்கட்டும். உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? யாரும் உங்களை ஜெயில்ல போடப் போறதில்லை. ஒரு வருஷம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. நீங்க திடமானவங்க, தாங்கிக்குவீங்க. அவரால முடியாது. நீங்களும் இங்கயே வாங்க, மாடி அறை உங்களுக்குத்தான். யாரும் உங்களை ஒரு சொல் சொல்லாம நான் பார்த்துக்கறேன். எனக்கு விஷயம் தெரியும்ங்கறது மட்டும் அண்ணனுக்குத் தெரியவே கூடாது.

நகலைக் கிழிச்சுட்டேன். வீட்டுல இருந்தா யார் கண்ணுலயாவது பட்டுடும்.

பெரிய மனசு பண்ணுங்க அண்ணி.

சின்னவள்


மே 8

சின்னவளே,

உங்க அண்ணன் இப்ப ரெண்டு கோல் வெச்சுக்கிட்டு வராந்தா முழுக்க நடக்கறாரு. இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, விமானத்துல ஏத்தலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. லிஃப்ட் குழி இனிமே இல்லைங்கறதையும் அவர்கிட்டச் சொல்லியாச்சு.

உன் லெட்டர் வந்தப்போ முதல்ல நான் சரின்னுதான் நெனச்சேன். நம்பு. திட்டிட்டு, பல்லைக் கடிச்சுட்டு, சரின்னுதான் நெனச்சேன். நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. அவரால தாங்க முடியாதுங்கறது எனக்கும் தெரியும். இத்தனை வருஷம் அவருக்காக என்னென்னமோ விழுங்கியாச்சு, இதையும் விழுங்கிட்டு உன் மாடி அறையில வந்து கிடக்கலாம்னுதான் இருந்தேன்.

ஆனா அவருக்குத் தெரியாம நீயும் நானும் சேர்ந்து அவரைக் காப்பாத்தறதுங்கறது எனக்கு ஒப்பலை. அவருக்குத் தெரிஞ்சே நடக்கட்டும்னு தோணுச்சு. தங்கச்சிக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, "அவ மேல போட்ட பழி போதும், நானே சொல்லிடறேன்"னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நெனச்சேன். சொல்லிட்டா போதும், அதுக்கப்புறம் ஊருக்கு எந்தக் கதையைச் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. எனக்கு ஊர் வேண்டாம். அவர் ஒருத்தர் சொன்னா போதும்.

அதனால அவர் கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, உன் லெட்டரை முதல் வரியில இருந்து சத்தமாப் படிச்சேன்.

கையெழுத்துன்னு வந்த இடத்துல முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாரு. "உசிரோட இருக்கமாட்டாரு"ன்னு நீ எழுதின இடத்துல போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டாரு. நகலைக் கிழிச்சுட்டேன்ங்கற வரியைப் படிச்சேன். அவர் கண்ணை மூடினாரு. அழப்போறாருன்னு நெனச்சு நான் அவர் கையைப் பிடிச்சேன்.

"நல்ல வேளை"ன்னாரு.

அப்புறம் தண்ணி கேட்டாரு. குடுத்தேன். குடிச்சுட்டு, மாடி அறையில வெயில் ஜாஸ்தி வருமே, உனக்கு ஒத்துக்குமான்னு என்னைக் கேட்டாரு. உன்னையும் என்னையும் வெச்சு அவர் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி முடிச்சுட்டாரு சின்னவளே. ரெண்டே நிமிஷத்துல.

எனக்குக் கோவம்கூட வரலை. வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். உள்ள ஏதோ அடங்கிப் போச்சு.

நீ கிழிச்சது நகல். அசல் வழிகாட்டியோட ஆபீஸ் அலமாரியில இருக்கு. பயப்படாதே, நான் அதைக் கேட்டு வாங்கப் போறதில்லை. யார்கிட்டக் காட்ட? தெரிய வேண்டிய ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து வேற கதையை எடுத்துக்கிட்டீங்க. ஊர்ல என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லிக்குங்க.

இனி விஷயத்துக்கு வர்றேன். வியாழக்கிழமை மதியம் அவர் விமானம் அங்க இறங்கும். விமானக் கம்பெனி ஆள் ஒருத்தர் சக்கர நாற்காலியில தள்ளிட்டு வருவாரு. மருந்துப் பை அவர் மடியில இருக்கும். வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மத்ததெல்லாம் பின்னாடி. குதிகால் தையல்ல ஒரு மாசம் தண்ணி படக் கூடாது. வலி இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுவாரு, முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்க. காலையில அவர்கிட்ட யாராவது கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தா போதும், அன்னைக்கெல்லாம் நல்லா இருப்பாரு. லிஃப்டைப் பத்திக் கேளு.

நான் அந்த விமானத்துல இல்லை. அதுக்கடுத்த திங்கள்கிழமை இங்க புதுசா ஒரு கூட்டம் வருது, ஒன்பது பேர். வழிகாட்டி எனக்கு ஒரு இடம் வெச்சிருக்கா. அதே பாறைதான். நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு. அதனாலதான் சேர்ந்தேன். அது முடிஞ்சதும் எங்க லேப்புக்கு வேற ஊர்ல ஒரு கிளை இருக்கு, அங்க மாத்திக் கேட்டிருக்கேன். குடுத்துடுவாங்க.

அவருக்கு இது எதுவும் தெரியாது. டிக்கெட் ஒண்ணுதான் கிடைச்சுது, அடுத்த விமானத்துல பின்னாலயே வந்துடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். சந்தோஷமாத் தலையாட்டினாரு. அண்ணனும் தங்கையும் என்னைப் பத்தி இவ்வளவு பொய் சொல்லியாச்சு, என் பங்குக்கு நானும் ஒண்ணு சொன்னேன்.

எப்ப வருவான்னு உன்னைத்தான் கேப்பாரு. என்ன சொல்லணும்னு நீயே யோசிச்சுக்க.